பூட்டிய வீட்டுக் கொல்லையும் உண்ணிக் காய்ச்சலும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மார்கழியில் நகரத்தார் கொண்டாடும் பிள்ளையார் நோன்பு நெருங்கினால் எங்கள் பக்கம் வருஷம் முழுக்கப் பூட்டிக் கிடந்த சில வீடுகள் திறக்கும். முகப்பையும் உள்முற்றமான வளவையும் கழுவிப் பளபளவென்று ஆக்கிவிடுவார்கள். கொல்லையில் இடுப்பளவு மண்டிக் கிடக்கும் புல்லையும் கருவேலம் புதரையும் மட்டும் யாரும் தொடுவதில்லை.

போன மழைக்காலத்தில் அப்படி ஒரு கொல்லைக்குத்தான் எங்கள் அப்பத்தா ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போய்க்கொண்டிருந்தார். காய்ச்சல் வந்தது. வைரஸ் காய்ச்சல் என்றார்கள், டெங்கு இல்லை என்றார்கள், ஊசி போட்டார்கள், ஆறு நாள் ஓடிவிட்டது, மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகுதான் வேறு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கே ஒரு நர்ஸ் சேலைக்கட்டைத் தளர்த்திப் பார்த்து, பீடி நெருப்பால் சுட்டது போல இடுப்பில் இருந்த கறுத்த பொருக்கைக் காட்டினார். வலியோ அரிப்போ இல்லாததால் அப்பத்தாவுக்கே அது தெரியவில்லை. ஸ்க்ரப் டைபஸ், அதாவது உண்ணிக் காய்ச்சல். டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை கொடுக்கத் தொடங்கி இரண்டாம் நாளே காய்ச்சல் இறங்கியது. வீணாய்ப் போன அந்த ஆறு நாளை நினைத்தால் எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

உண்ணி என்றதும் நாய்க் காதில் தொங்குமே, அதைத்தான் நினைக்கிறோம். இதைப் பரப்புவது அதற்கு உறவான வேறொரு சிறு பூச்சியின் குஞ்சு, கண்ணுக்கே சரியாகத் தெரியாது. எலி திரியும் புதரில் புல் நுனியில் காத்திருந்து உடம்பில் ஏறிவிடும். கடித்து பத்து நாள் கழித்துக்கூடக் காய்ச்சல் வரும். மழைக்குப் பின் மார்கழி, தை வரை இதற்குத்தான் காலம். சரி, நாய் உண்ணியும் லேசுப்பட்டதல்ல, அது வேறு வகை டைபஸைத் தரும். தோலில் ஒட்டியிருந்தால் மண்ணெண்ணெய் ஊற்றாமல், தீக்குச்சியால் சுடாமல், இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுங்கள்.

விறகுக்கும் நூறு நாள் வேலைக்கும் போகிறவர்கள் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு போங்கள், வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டுக் குளித்து உடுப்பை மாற்றுங்கள். துணியைப் புல்லில் காயப்போடாதீர்கள். நாலு நாளாகியும் காய்ச்சல் விடவில்லையென்றால் அக்குள், இடுப்பு, தொடை இடுக்கு எல்லாம் பாருங்கள். பொருக்கு எல்லாருக்கும் வருவதில்லை, அதனால் புதர்ப் பக்கம் போனதை டாக்டரிடம் நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள். மாத்திரை விலை குறைவுதான், ஆனால் தாமதமானால் நுரையீரல், சிறுநீரகம், மூளை வரைக்கும் போய்விடும். நீங்களாகக் கடையில் வாங்கிப் போடாமல் டாக்டரைப் பார்த்துச் சாப்பிடுங்கள்.

சென்னையிலும் மலேசியாவிலும் இருக்கும் வீட்டுக்காரர்களே, நோன்புக்கு வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விடாமல், புரட்டாசியிலேயே வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் சொல்லிக் கொல்லையைச் செதுக்கிவிடுங்கள். ஆள் இல்லாத வீடுகளுக்குப் பேரூராட்சி நோட்டீஸ் கொடுத்து, தானே சுத்தம் செய்து, ஆன செலவை வீட்டு வரியோடு சேர்த்து வாங்கட்டும். வெட்டப் போகும் ஆட்களுக்கு பூட்ஸும் கையுறையும் கட்டாயம் கொடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
புதுவயல், காரைக்குடி வட்டம்