பெட்டியைத் திறந்து கொடுத்தவர்களுக்கு

தரங்கம்பாடி, பொறையாறு, காட்டுச்சேரி, தில்லையாடி மக்கள் எல்லாருக்கும் வணக்கம்.

நம் ஊர் வரலாற்றுக் குழு ஏற்பாடு செய்த மூன்று நாள் நிகழ்ச்சி உங்கள் தயவில் நல்லபடியாக நடந்து முடிந்தது. கடைசி நாள் மாலையில் மைக்கில் நன்றி சொன்னோம். ஆனால் கூட்டம் கலைகிற நேரத்தில் அவசரமாகப் படித்த அந்தப் பட்டியலில், யார் என்ன செய்தார் என்பதைச் சொல்ல இடமில்லாமல் போயிற்று. அதைச் சொல்லாமல் விட மனசு கேட்கவில்லை. பெயர் போட வேண்டாம் என்று பலரும் சொல்லிவிட்டீர்கள், அதனால் யார் பெயரையும் எழுதவில்லை. படிக்கும்போது உங்களை உங்களுக்கே தெரியும், பக்கத்து வீட்டுக்கும் தெரியும்.

நம் ஊர்ப் பெயரைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் டேனிஷ் கோட்டையா என்று கேட்பார்கள். கேட்பதில் நியாயம் இருக்கிறது. 1620இல் தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரிடம் உடன்படிக்கை செய்துகொண்டு டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை அது. நாயக்கர் அனுப்பிய தங்க ஓலை இன்றும் கோபன்ஹேகனில் பத்திரமாக இருக்கிறது. கோட்டை, 1718இல் கட்டிய புதிய எருசலேம் ஆலயம், 1792 என்று ஆண்டு பொறித்த நகர வாசல் என்று எல்லாவற்றையும் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். அந்த எழுத்துகளில் ஆளுநர்கள் வருகிறார்கள், தளபதிகள் வருகிறார்கள், பாதிரியார்கள் வருகிறார்கள். அந்தக் கோட்டைக்குச் செங்கல் சுமந்தவர்கள் வருவதில்லை. கப்பல் ஆழத்தில் நிற்க, சரக்கை அலை தாண்டிக் கரைக்குக் கொண்டுவந்து சேர்த்தவர்களும் வருவதில்லை. 1706 ஜூலையில் வந்து இறங்கிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு, சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் படித்தார். சீகன்பால்கு பெயர் உலகத்துக்கே தெரியும். அவருக்கு அ, ஆ சொல்லிக்கொடுத்த வாத்தியாரை யாருக்குத் தெரியும்?

அதனால்தான் இந்தத் தடவை கோட்டையைச் சுற்றிக்காட்டுவதோடு நிறுத்திக்கொள்ளாமல், உங்கள் வீட்டில் இருப்பதைக் கொண்டுவாருங்கள் என்று கேட்டோம். போட்டோ, கடிதம், ரயில் டிக்கெட், பத்திரம், பள்ளிக்கூடச் சான்றிதழ், எதுவானாலும் சரி. கேட்டதற்கு நீங்கள் கொடுத்த பதில்தான் இந்த மடலுக்குக் காரணம்.

முதல் நன்றி மீனவப் பஞ்சாயத்தாருக்கு. கோட்டைக்கு முன்னால் உள்ள திடலில் போட்டோக்களை மாட்ட மரச்சட்டமெல்லாம் வைத்திருந்தோம். ஆனால் அங்கே அடிக்கிற கடல்காற்றுக்கு அந்தச் சட்டம் நிற்காது என்று பார்த்த உடனேயே சொல்லிவிட்டீர்கள். அரை மணி நேரத்தில் பழைய வலைகள் வந்தன, சவுக்குக் கம்புகள் வந்தன. கம்பை மணலில் ஊன்றி, வலையை இழுத்துக் கட்டி, துணி மாட்டுகிற கிளிப்பால் ஒவ்வொரு படத்தையும் வலைக்கண்ணில் மாட்டினீர்கள். காற்று வலைக்குள் புகுந்து போய்விட்டது, படம் அப்படியே நின்றது. எந்த நகரத்துக் கண்காட்சியிலும் இவ்வளவு பொருத்தமான சுவரை நான் பார்த்ததில்லை.

இரண்டாம் நாள் காலை மரபு நடையை மாசிலாமணிநாதர் கோயில் பக்கம் கூட்டிப்போன பெரியவருக்கு என்ன சொல்லி நன்றி சொல்வது? மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்துக் கோயில் அது. டேனிஷ்காரர்கள் வருவதற்கு முந்நூறு வருஷம் முன்னாலேயே இந்தக் கரையில் ஒரு பட்டினம் இருந்தது என்பதற்கு அதன் கல்வெட்டே சாட்சி. சடங்கன்பாடியான குலசேகரன்பட்டினம் என்று அதில் ஊரின் பெயர் இருக்கிறது. இதை நாங்கள் சொன்னோம். கோயிலின் முன்பகுதி கடலுக்குள் எப்படிப் போனது என்பதை அவர்தான் சொன்னார். வடக்கேயிருந்து இழுக்கும் வன்னி நீரோட்டம், தெற்கேயிருந்து வரும் தெண்டி, எது எந்த மாதத்தில் மணலைக் கொண்டுவந்து போடும், எது அள்ளிக்கொண்டு போகும் என்று கையிலிருந்த கம்பால் மணலில் கோடு போட்டுக் காட்டினார். தன் சின்ன வயதில் கரை எதுவரை இருந்தது என்று தண்ணீருக்குள் கை நீட்டிக் காட்டியபோது, கல்லூரியில் புவியியல் படிக்கும் பிள்ளைகள் நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்தார்கள். கல்வெட்டு படிக்கத் தெரிந்தவர்களை எங்களால் தேடிப் பிடிக்க முடியும். கடலைப் படிக்கத் தெரிந்தவரை இந்த ஊரில்தான் பார்க்க முடியும். ஐயா, நீங்கள் சொன்னது முழுவதும் பதிவாகியிருக்கிறது.

சுனாமியைப் பற்றி யாரிடமும் கேட்கக் கூடாது என்று முன்கூட்டியே முடிவு செய்திருந்தோம். 2004 டிசம்பர் 26ஐப் பற்றிப் பேச விரும்பினால் அவர்களாகப் பேசட்டும் என்று இருந்தோம். பேசிய மூன்று அம்மாக்களுக்கும் எங்கள் வணக்கம். நீங்கள் கேட்டுக்கொண்டபடி அந்தப் பதிவு பொதுப் பார்வைக்கு வராது. உங்கள் குடும்பத்திடம் மட்டும் ஒரு பிரதி இருக்கும்.

அப்புறம் ரயில். இதைப் பற்றித்தான் நிறைய எழுத வேண்டும் என்று தோன்றுகிறது, ஏனென்றால் நாங்கள் எதிர்பார்க்காத அளவுக்குச் சாமான் வந்தது இதில்தான். 1926இல் ஓடத் தொடங்கிய மாயவரம் - தரங்கம்பாடி மீட்டர்கேஜ் ரயில் 1986இல் நின்றுபோனது. தண்டவாளம் போய், ஸ்டேஷன் போய், இன்றைய பிள்ளைகளிடம் நம் ஊருக்கு ரயில் வந்தது என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். ரயில்வேயில் வேலை பார்த்த தாத்தாவின் கைவிளக்கை ஒரு குடும்பம் கொண்டுவந்தது. சிவப்பு, பச்சைக் கண்ணாடி இரண்டும் உடையாமல் இருக்க, பழைய வேட்டித் துணியில் சுற்றி அரிசி டின்னுக்குள் வைத்திருந்தார்கள். இன்னொரு வீட்டிலிருந்து அட்டை டிக்கெட்டுகள் வந்தன, நடுவில் ஓட்டை போட்ட அந்தக் கெட்டி அட்டை. கல்யாணத்துக்குப் போய்வந்த டிக்கெட்டை யாராவது தூக்கிப் போடுவார்களா என்று அந்த அம்மா கேட்டார்கள்.

மீன் விற்ற ஆயா ஒருவர் பேசிய கால் மணி நேரத்தை அங்கிருந்த யாரும் மறக்க மாட்டார்கள். விடிகாலையில் கூடையோடு ஏறி, பொறையாறு, திருக்கடையூர், ஆக்கூர், செம்பனார்கோயில் என்று எந்த ஸ்டேஷனில் யார் இறங்குவார்கள், எந்த ஊர் வாடிக்கை யாருக்குச் சொந்தம் என்று வரிசையாகச் சொன்னார். கூடையிலிருந்து தண்ணீர் சொட்டக்கூடாது என்று வைக்கோலும் ஈரச்சாக்கும் வைத்துக் கட்டுவதைக் கையாலேயே செய்து காட்டினார். ரயில் நின்ற பிறகு பஸ்ஸில் கூடையை ஏற்ற விடாததும், பலர் தொழிலையே விட்டதும் அப்போதுதான் எங்களில் பலருக்குத் தெரிந்தது. ஒரு ரயில் பாதை நஷ்டம் என்று கணக்கெழுதி மூடப்படும்போது அந்தக் கணக்கில் வராதவர்கள் யார் என்பதை ஆயா சொல்லித்தான் கேட்டோம். ஆயாவைப் பிடிவாதமாகக் கூட்டிவந்து, மூச்சு வாங்கும்போதெல்லாம் தண்ணீர் கொடுத்துப் பக்கத்திலேயே நின்ற பேத்திக்குத் தனியாக நன்றி.

அச்சுக்கூட மேசையைப் பற்றிப் பிள்ளைகள் இன்னும் பேசிக்கொண்டிருப்பதாக ஆசிரியர்கள் சொல்கிறார்கள். லண்டனிலிருந்து 1712இல் அச்சு இயந்திரம் இங்கே வந்தது, ஜெர்மனியின் ஹாலேயில் வார்த்த தமிழ் எழுத்துகள் அடுத்த வருஷம் வந்தன. அந்த எழுத்துகள் அளவில் பெரிதாக இருந்ததால் காகிதம் ஏராளமாகச் செலவானது. அதனால் சின்ன எழுத்துகளைப் பொறையாற்றிலேயே வார்த்தார்கள், 1715இல் அங்கே காகித ஆலையும் போட்டார்கள். தமிழில் முதல் அச்சு இங்கேதான் நடந்தது என்று பெருமையில் சிலர் சொல்வதுண்டு. 1578இலேயே கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சாகிவிட்டது. நமக்கு உள்ள பெருமை வேறு. நம் மண்ணிலேயே எழுத்து வார்த்து, காகிதம் செய்து, புத்தகம் அச்சடித்து, பைண்டு செய்த ஊர்கள் அந்தக் காலத்தில் எத்தனை இருந்திருக்கும்? இதுவே போதும், இல்லாததைச் சேர்த்துச் சொல்லத் தேவையில்லை.

இதையெல்லாம் வாயால் சொன்னால் பிள்ளைகள் கொட்டாவி விட்டிருப்பார்கள். மயிலாடுதுறையில் வெகுகாலம் அச்சகம் வைத்திருந்த ஐயா, ஈய எழுத்துப் பெட்டிகளையும் சின்னக் கை அச்சு ஒன்றையும் வேனில் ஏற்றிக்கொண்டு வந்தார். ஒவ்வொரு பிள்ளையும் தன் பெயரையும் ஊர்ப் பெயரையும் கோர்க்க வேண்டும். எழுத்தைத் தலைகீழாக, வலப்பக்கம் இடப்பக்கமாகப் பார்த்துப் பழகவே நேரம் பிடித்தது. பதினைந்து இருபது பிள்ளைகள் ஒரே சமயத்தில் தரங்கம்பாடி என்று கோர்த்ததில் ‘ங்’ அறையில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. முதலில் கோர்த்தவர்கள் அச்சடித்து முடித்துப் பிரித்துப் போட்டால்தான் அடுத்தவருக்கு எழுத்து. எல்லாரும் அப்படியே காத்திருந்து, பிரித்த எழுத்தை அதனதன் அறையில் போட்டு, அடுத்த பிள்ளைக்கு வழி விட்டார்கள். ஐயா மை உருளையைக் கையில் வைத்துக்கொண்டு நாள் முழுக்க நின்றே இருந்தார். வேன் வாடகையாவது வாங்கிக்கொள்ளுங்கள் என்று கெஞ்சிப் பார்த்தோம், வாங்க மறுத்துவிட்டார்.

சுண்ணாம்பு அரைத்துக் காட்டிய கொத்தனார் அண்ணனுக்கும், கடுக்காய் ஊறல் தயார் செய்த அண்ணிக்கும் நன்றி. சுனாமிக்குப் பிறகு பழைய வீடுகளைச் சீர்செய்தபோது கற்றுக்கொண்ட வேலையை இன்றும் விடாமல் செய்கிறவர்கள் நீங்கள். கடல் உப்பு ஏறிய செங்கல் சுவரில் சிமென்ட் பூசினால் உள்ளே உள்ள ஈரம் வெளியே வர வழியில்லாமல் சுவரே பெயரும், சுண்ணாம்பு பூசினால் சுவர் மூச்சு விடும் என்று நீங்கள் சொன்னதைக் கேட்டு, வீட்டைப் புதுப்பிக்க இருந்த இரண்டு குடும்பங்கள் யோசனையை மாற்றிக்கொண்டிருக்கின்றன. குழு இவ்வளவு நாள் துண்டறிக்கை கொடுத்தும் நடக்காதது இது.

பள்ளிவாசல் தெருவிலிருந்து மலேயாக் கடிதங்களைக் கொண்டுவந்த குடும்பத்துக்கு நன்றி. அரபுத்தமிழில், அதாவது அரபு எழுத்தில் எழுதிய தமிழில், இருந்த பக்கங்களைப் படித்துச் சொன்ன உங்கள் பெரியப்பா இல்லாவிட்டால் அந்தக் கட்டை அப்படியே மூடி வைத்திருப்போம். தில்லையாடியிலிருந்து வந்த ஆசிரியைகளுக்கு நன்றி. தென்னாப்பிரிக்காவில் சிறைக்குப் போய் 1914இல் பதினாறு வயதில் உயிர்விட்ட வள்ளியம்மையையும், அடுத்த வருஷம் காந்தி தில்லையாடிக்கு வந்ததையும் உங்கள் மாணவிகள் நடித்துக் காட்டினார்கள். வள்ளியம்மையின் அம்மாவாக நடித்த பெண், வசனம் ஒன்றுமில்லாமலேயே கூட்டத்தைக் கட்டிப்போட்டாள்.

இன்னும் பலர். சாப்பாடு பொறுப்பை எடுத்துக்கொண்ட மகளிர் குழுவினர், நண்டுக் குழம்பை வெளியூர் விருந்தாளிகளுக்காகக் காரம் குறைக்க மறுத்தது மிகச் சரி. மைக்செட் தம்பி, டீக்கடை அண்ணன், குடிதண்ணீர் கேன் போட்டவர்கள், நிகழ்ச்சி முடிந்த இரவே திடலைப் பெருக்கித் துடைத்தாற்போல் ஆக்கிக் கொடுத்த தூய்மைப் பணியாளர்கள், வாகனங்களை ஒழுங்குபடுத்திய காவலர்கள், கோட்டை அருங்காட்சியகத்தில் வழக்கத்தைவிடப் பொறுமையாகக் கூட்டத்தைச் சமாளித்த ஊழியர்கள், எல்லாருக்கும் நன்றி. படங்களை ஸ்கேன் செய்ய லேப்டாப்போடு வந்து ராத்திரி வரை உட்கார்ந்த கல்லூரிப் பிள்ளைகளே, நீங்கள் ஒவ்வொரு படத்தின் பின்னாலும் எழுதியிருந்ததையும் சேர்த்துப் படம் பிடித்தீர்கள். அது யாரும் சொல்லிக்கொடுக்காமல் நீங்களாகச் செய்தது. பாதிப் படங்களில் யார் யார் இருக்கிறார்கள் என்பதே அதனால்தான் தெரிந்தது.

நன்கொடை கொடுத்தவர்களின் வரவு செலவுக் கணக்கு நூலக அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டிருக்கிறது. மிச்சப் பணத்தில் அமிலமில்லாத காகித உறைகளும் இரும்பு அலமாரி ஒன்றும் வாங்க முடிவாகியிருக்கிறது. கடற்கரை ஊரில் பழைய காகிதத்துக்கு முதல் எதிரி ஈரம், இரண்டாவது கரையான்.

சாமான் கொடுத்தவர்கள் ரசீதைக் கொண்டுவந்து அசலை வாங்கிக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் நூலகத்தில் இருப்போம். நடக்க முடியாதவர்கள் சொல்லி அனுப்பினால் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறோம். வரும்போது ஒரு உதவி. ரயில்வே படங்களில் ஒன்றில், ஸ்டேஷன் பெயர்ப்பலகைக்குக் கீழே ஆறு பேர் நிற்கிறார்கள். நான்கு பேரை அடையாளம் சொல்லிவிட்டீர்கள். இடது கோடியில் கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிற்பவரும், அவர் பக்கத்தில் தலைப்பாகை கட்டியவரும் யார் என்று தெரியவில்லை. பெரியவர்களிடம் காட்டிக் கேட்பதற்காகப் படத்தைப் பெரிதாக்கி வைத்திருக்கிறோம். தெரிந்தவர்கள் வந்து சொல்லுங்கள்.

நன்றியுடன்,
வரலாற்றுக் குழுவின் சார்பில்,
செயலாளர்
தரங்கம்பாடி