ஒரு குசினி, மூன்று சாப்பாடு

அன்பின் மச்சானுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. சீனி வருத்தம் வந்துவிட்டதென்று வாசித்ததும் மனம் கவலைப்பட்டது. ஆனாலும் நேரத்தோடு கண்டுபிடித்தது நல்லதாய்ப் போயிற்று. இங்கே மாங்குளத்தில் காலபோக விதைப்பு முடிந்துவிட்டது, இனி மழைதான் பார்க்க வேணும்.

சோற்றை அடியோடு விட்டுவிட்டாய், இப்போது குரக்கன் பிட்டுத்தான் என்று எழுதியிருந்தாய். உன் உடம்புக்கு ஒத்துக்கொண்டால் சாப்பிடு. ஆனால் வீட்டில் எல்லோரையும் அதற்கு மாற்று என்றாயே, அதை என்னால் ஏற்க முடியவில்லை.

அத்தானை எடுத்துக்கொள். தொண்ணூறுகளில் வடமத்திய மாகாணத்தில் கவனத்துக்கு வந்த, இன்றுவரை காரணம் சரியாகப் பிடிபடாத அந்தச் சிறுநீரக வருத்தம் வவுனியா, முல்லைத்தீவுப் பக்கமும் இருக்கிறதல்லவா? அவருக்கும் அதுதான். இரத்தத்தில் பொட்டாசியம் கூடிவிட்டதால் இளநீர், வாழைப்பழம், கீரை எல்லாவற்றையும் கிளினிக்கில் மறித்துவிட்டார்கள். நீ புகழ்கிற குரக்கனிலும் பொட்டாசியமும் பொஸ்பரஸும் கூட. அதனால் அவருக்கு வெள்ளைச் சோறுதான் நல்லதாம். ஊரெல்லாம் விலக்கச் சொல்லும் வெள்ளைச் சோறு!

அக்கா படும் பாட்டை நீ பார்க்க வேணும். அத்தானுக்கென்று மரக்கறியைச் சின்னதாக வெட்டி, நிறையத் தண்ணீர் விட்டு அவித்து, பொட்டாசியம் இறங்கிய அந்தத் தண்ணீரை முழுக்க வடித்து ஊற்றிய பிறகுதான் கறி வைக்கிறார். உப்பும் கொஞ்சம்தான். பக்கத்து அடுப்பில் மருமகளுக்கு முருங்கையிலை வறை. அவள் பிள்ளைத்தாய்ச்சி, இரத்தம் குறைவு. வறையை இறக்கி ஆறவிட்டுத் தேசிக்காய் பிழிந்து கொடுக்கிறார், இலையிலுள்ள இரும்பு உடம்பில் சேர அந்தப் புளி உதவும். சாப்பிட்ட கையோடு தேத்தண்ணீர் குடிக்கவும் அவளை விடுவதில்லை, சாயம் இரும்பைத் தடுத்துவிடும். முற்றத்து முருங்கை ஒன்றுதான். ஒருத்திக்கு அது மருந்து, மற்றவருக்கு விலக்கு. எனக்கென்றால் விடிய வயலுக்குப் போய் வெயிலில் நின்றுவிட்டு வந்து மொட்டைக்கறுப்பன் சோறும் விரால் குழம்பும் இல்லாமல் முடியாது. நீ நாள் முழுக்கக் கதிரையில் இருந்து கணக்குப் பார்ப்பவன். அதே கோப்பைச் சோறு உனக்குக் கூடத்தான்.

இதைப் பற்றி ஆராய்ச்சிகளும் நடந்திருக்கின்றன. 2015இல் இஸ்ரேலில் 800 பேருக்குச் சீனியை ஒரு கிழமை தொடர்ந்து அளந்து பார்த்தார்கள். ஒரே சாப்பாட்டுக்கு ஆளுக்கு ஆள் வேறு மாதிரி ஏறியிருக்கிறது. 2018இல் அமெரிக்காவில் 609 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்குக் கொழுப்பையும் மற்றதற்கு மாப்பொருளையும் ஒரு வருடம் குறைத்துப் பார்த்தார்கள். சராசரியில் பெரிய வித்தியாசமில்லை. ஆனால் இரண்டு பக்கமும் சிலர் இருபது கிலோவுக்கு மேல் இளைத்தார்கள், சிலருக்கு நிறை கூடியே போயிற்று. பரம்பரை அலகைப் பார்த்து யாருக்கு எது பொருந்துமென்று முன்கூட்டிச் சொல்லவும் முடியவில்லை. அதனால் உமிழ்நீரில் பரம்பரை அலகைச் சோதித்து உனக்கேற்ற சாப்பாடு தருகிறோம் என்பவர்களுக்குக் காசைக் கொட்டாதே. இன்னொன்றும் கவனி. இரண்டு பகுதிக்கும் சீனியையும் வெள்ளை மாவையும் குறை, மரக்கறியைக் கூட்டு என்றுதான் சொல்லியிருந்தார்கள். அந்த அடித்தளம் அநேகமாக எல்லோருக்கும் பொது. அதற்கு மேலேதான் வருத்தம், வயது, வேலை என்று பிரிகிறது.

குரக்கனும் மாதான் மச்சான், அளவு மிஞ்சினால் அதிலும் சீனி ஏறும். ஒருநாள் அளவான பிட்டு, இன்னொருநாள் கொஞ்சம் சிவப்பரிசிச் சோற்றோடு நிறைய வறையும் மீனும் சாப்பிட்டு, இரண்டு மணித்தியாலம் கழித்துக் குத்திப் பார். இரண்டு கணக்கையும் குறித்துவைத்து டொக்டரிடம் காட்டு. அவரைக் கேட்காமல் மாத்திரையை மட்டும் குறைத்துவிடாதே.

அப்புறம், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறதென்று இரத்தத்தில் காட்டும் கிரியாற்றினினும், சிறுநீரில் புரதமும் பார்த்தாயா? சீனி வருத்தம் சிறுநீரகத்தையும் தாக்கும். அத்தானைப் பார்த்துக்கொண்டிருக்கிறவன் சொல்கிறேன், அடுத்த கிளினிக்கில் கட்டாயம் கேள். முடிவு வந்ததும் எனக்கு எழுது.

அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழன்