ஊராட்சிப் பெட்டியில் எரியும் சிவப்பு விளக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிராமங்களுக்கு பிராட்பேண்ட் இணையம் கொண்டுசெல்லும் பணி குறித்துத் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எத்தனை ஊராட்சிகளுக்கு, இணையத்தைக் கொண்டுவரும் கண்ணாடி இழை (ஃபைபர்) போய்ச் சேர்ந்திருக்கிறது என்ற கணக்கு அதில் இருந்தது. கல்வராயன் மலை அடிவாரத்தில் ஒன்பது ஆண்டுகளாக இ-சேவை மையம் நடத்திவருபவள் என்ற முறையில், அந்தக் கணக்கு சொல்லாமல் விடுவதை எழுத வேண்டும் என்று தோன்றியது.

எங்கள் ஊராட்சி மன்ற அலுவலகத்தில், பழைய பதிவேடுகள் அடுக்கிய பீரோவுக்குப் பக்கத்துச் சுவரில் ஓர் இரும்புப் பெட்டி மாட்டப்பட்டிருக்கிறது. அதன் கதவைத் திறந்தால் உள்ளே கையகல அளவில் ஒரு கருவி. இழை நல்லபடியாக இருந்தால் அதில் பச்சை விளக்குகள் நிலையாக எரியும். எங்காவது அறுந்திருந்தால் ஒரு சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரியும். சென்ற ஆண்டு ஆடி மாதம் சாலையோரம் பள்ளம் தோண்டிய ஜேசிபி இழையை அறுத்துவிட்டது. அன்று முதல் ஏழு வாரம் அந்தச் சிவப்பு விளக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். அறுந்த இடம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். பேருந்து நிறுத்தத்தைத் தாண்டி, புளியமரத்தடியில், கறுப்புக் கம்பியின் நுனி பள்ளத்துக்குள் தொங்கிக்கொண்டிருந்தது. யாரிடம் போய்ச் சொல்வது என்பதுதான் ஒருவருக்கும் தெரியவில்லை. தோண்டியவர் ஒப்பந்ததாரரைக் கைகாட்டினார். ஒப்பந்ததாரர் இன்னொரு அலுவலகத்தைக் கைகாட்டினார். அங்கே புகார் எண் கொடுத்தார்கள். அந்த ஏழு வாரமும் எங்கள் ஊர், ஏட்டில் இணைப்புப் பெற்ற ஊராட்சியாகவே இருந்தது.

அதே ஜேசிபி உள்ளூர் கேபிள்காரரின் இழையையும் அறுத்திருந்தது. அவர் அன்று மாலையே பைக்கில் ஸ்பிளைசிங் மெஷினுடன் வந்து, மயிரிழை போன்ற கண்ணாடியின் இரு நுனிகளையும் துடைத்து, நறுக்கி, நேருக்கு நேர் வைத்து, உருக்கி ஒட்டிவிட்டுப் போனார். பொழுது சாய்வதற்குள் எதிர்வீட்டில் தொலைக்காட்சி ஓடியது. அவரிடம் இருந்தது பெரிய தொழில்நுட்பம் ஒன்றும் அல்ல. வீட்டில் இணைப்பு இல்லாவிட்டால் அடுத்த மாதம் பணம் வராது என்று அவருக்குத் தெரியும். அவருடைய செல்பேசி எண் வாடிக்கையாளர் ஒவ்வொருவரிடமும் இருக்கிறது. அரசு போடும் இழைக்கு இந்த இரண்டும் இல்லை என்பதே என் வருத்தம்.

அந்த ஏழு வாரத்தில் ஒரு நாள், மலைமேல் உள்ள ஊரிலிருந்து ஒரு மாணவி தன் தந்தையோடு முதல் பேருந்தில் இறங்கி என் மையத்துக்கு வந்தாள். பொறியியல் கலந்தாய்வு 2018 முதல் முழுவதும் இணையவழியில் நடக்கிறது. கல்லூரிகளின் விருப்பப் பட்டியலை அவள் அன்று மாலைக்குள் பதிவுசெய்தாக வேண்டும். என் செல்பேசியின் ஹாட்ஸ்பாட்டை வைத்து முயன்றோம். திரையில் வட்டம் சுற்றியதே தவிர, பக்கம் திறக்கவில்லை. அவள் தந்தை வாசற்படியில் உட்கார்ந்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, "ஆயிடுச்சாம்மா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். மதியத்துக்கு மேல் மையத்தைப் பூட்டிவிட்டு அவளை என் வண்டியில் ஏற்றிக்கொண்டு நகரத்துக்குப் போய்ப் பதிவுசெய்துவிட்டு வந்தேன். அவளுக்கு இடம் கிடைத்துவிட்டது. ஆனால் அந்த வாரங்களில் என்னிடம் வந்து, "நாளைக்கு வாங்க" என்ற சொல்லைக் கேட்டுத் திரும்பிப் போனவர்கள் எத்தனையோ பேர். முதியோர் உதவித்தொகைக்கு வந்த பாட்டிகளுக்கு ஒரு நாள் வந்துபோவதற்கே அரைநாள் கூலி போய்விடுகிறது.

அரசுச் சேவைகள் ஒவ்வொன்றாக இணையத்துக்கு மாறும்போது இணைப்பு இல்லாத ஊரின் பாடு முன்பைவிடக் கூடுதலாகிறது என்பதைப் பலர் உணர்வதில்லை. நூறு நாள் வேலையின் வருகைப் பதிவைச் செல்பேசிச் செயலியில் படத்துடன் ஏற்ற வேண்டும் என்பது 2023 ஜனவரி 1 முதல் கட்டாயமானபோது, எங்கள் பக்கத்துப் பணித்தளப் பொறுப்பாளர்கள் சிக்னல் கிடைக்கும் பாறையைத் தேடி ஏறியதைப் பார்த்திருக்கிறேன். ரேஷன் கடையின் கைரேகைக் கருவியும் அப்படித்தான்.

எல்லோர் கையிலும்தான் 4ஜி போன் இருக்கிறதே, பிறகு எதற்கு இழை என்று படித்தவர்களே கேட்கிறார்கள். மலை மறைக்கும் இடத்தில் அந்த அலை வருவதில்லை. வருகிற இடத்திலும் ஒரே கோபுரத்தைப் பல ஊர்கள் பங்கிட்டுக்கொள்ளும்போது மாலை வேளையில் எதுவும் நகர்வதில்லை. பிராட்பேண்ட் என்று சொல்லிக்கொள்ளக் குறைந்தபட்சம் நொடிக்கு 2 மெகாபிட் வேகம் வேண்டும் என்று 2023இல் விதி வந்தது. எங்கள் மாலை நேரங்களுக்கு அந்தக் குறைந்தபட்சமே எட்டாக்கனி. அந்தக் கோபுரங்களும் நல்ல வேகம் தர வேண்டுமானால் அவற்றின் அடிவரை இழை வந்தாக வேண்டும்.

பணம் இல்லை என்றும் சொல்வதற்கில்லை. தொலைபேசி நிறுவனங்களின் சரிசெய்யப்பட்ட மொத்த வருவாயில் 5 சதவீதம், கிராமங்களுக்குத் தொலைத்தொடர்பு கொடுப்பதற்கென்றே 2002 முதல் வசூலிக்கப்படுகிறது. அதாவது, நாம் ரீசார்ஜ் செய்யும் ஒவ்வொரு முறையும் அந்த நிதிக்கு நம்முடைய பங்கும் போகிறது. அதைக் கொண்டுதான் ஊராட்சிகளை இழையால் இணைக்கும் தேசியத் திட்டம் 2011இல் ஒப்புதல் பெற்று, 2015இல் பாரத்நெட் என்று பெயர் மாறியது. 2020 சுதந்திர தின உரையில், ஆயிரம் நாளில் 6 லட்சம் கிராமங்களுக்கும் இழை வரும் என்று பிரதமர் அறிவித்தார். தமிழ்நாட்டில் அதே ஆண்டு ஒப்பந்தப்புள்ளி நிபந்தனைகள் குறித்துப் புகார் எழுந்து, மறு ஒப்பந்தம் கோரும்படி மத்திய அரசு உத்தரவிட்டதில் காலம் கழிந்தது. ஆயிரம் நாள் கடந்த பின்பு, 2023 ஆகஸ்டில் 1,39,579 கோடி ரூபாயில் திருத்திய திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது.

இந்தத் திருத்திய திட்டத்தில் எனக்கு நம்பிக்கை தருபவை இரண்டு. முன்பு ஊராட்சி ஒன்றியத்திலிருந்து ஊராட்சிக்கு ஒரே வழியாக இழை போனதால், நடுவில் ஓரிடத்தில் அறுந்தால் அதற்கு அப்பால் உள்ள ஊர்கள் எல்லாம் இருண்டன. இப்போது வளையமாகப் போட வேண்டும் என்கிறார்கள். ஒரு பக்கம் அறுந்தாலும் மறுபக்கம் வழியாக இணைப்பு வரும். இரண்டாவது, பத்து ஆண்டுப் பராமரிப்பையும் திட்டச் செலவிலேயே சேர்த்திருக்கிறார்கள். இழையைப் போடுவதை மட்டுமே வேலையாகக் கருதிய காலத்தில் பட்ட பாடு இந்த மாற்றத்தைக் கொண்டுவந்திருக்கிறது.

என்றாலும், வளையம் ஊராட்சி அலுவலகத்தோடு நின்றுவிடுகிறது. தமிழ்நாட்டின் சுமார் 12,500 ஊராட்சிகளுக்குள் சுமார் 79,000 குக்கிராமங்கள் இருக்கின்றன. ஓர் ஊராட்சிக்குச் சராசரியாக ஆறு. மலைப்பகுதியில் அலுவலகம் இருக்கும் ஊருக்கும் கடைசிக் குக்கிராமத்துக்கும் இடையே ஓர் ஓடையும் ஒரு காடும் கிடக்கும். அந்தக் கடைசி ஊரின் பள்ளிக்கும் துணை சுகாதார நிலையத்துக்கும் இழையை நீட்டாமல், அலுவலகத்துச் சுவரில் பெட்டி மாட்டிய நாளை வேலை முடிந்த நாளாக எழுதக் கூடாது. அண்டை மாநிலமான கேரளம் 2023 ஜூனில் தன் சொந்த இழை வலையமைப்பைத் தொடங்கியபோது 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்பு என்று வீட்டையே அளவுகோலாக அறிவித்தது. அதை எட்டுவதில் தாமதம் இருக்கலாம். ஆனால் அளவுகோல் சரியானது.

ஆகவே, ஒவ்வோர் ஊராட்சியிலும் மாதத்தில் எத்தனை நாள் இணைப்பு இருந்தது, எத்தனை நாள் அறுந்து கிடந்தது, அறுந்ததைச் சரிசெய்ய எத்தனை மணி நேரம் ஆனது என்பதை எல்லோரும் பார்க்கும்படி வெளியிட வேண்டும் என்று அரசைக் கேட்டுக்கொள்கிறேன். பழுது நீக்கும் பொறுப்பை, ஸ்பிளைசிங் மெஷினும் கூலியும் கொடுத்து, ஒன்றியத்துக்கு இருவராவது உள்ளூர் இளைஞர்களிடமோ கேபிள்காரர்களிடமோ ஒப்படைத்து, அவர்களுடைய செல்பேசி எண்ணைப் பெட்டியின் கதவிலேயே எழுதிவைக்க வேண்டும். சாலையோ குழாயோ போடத் தோண்டுகிறவர், முதல்நாளே அந்த எண்ணுக்குச் சொல்லிவிட்டுத்தான் மண்ணில் கை வைக்க வேண்டும். மின்தடையில் பெட்டி அணைந்துவிடாதபடி பேட்டரியை ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும்.

வரும் அக்டோபர் 2ஆம் தேதி கிராம சபைக் கூட்டத்தில் இவற்றை எங்கள் ஊராட்சியில் தீர்மானமாக முன்மொழிய இருக்கிறேன். தங்கள் வாசகர்களும் தத்தம் ஊராட்சி அலுவலகத்துக்குச் சென்று அந்தப் பெட்டியில் எரிவது எந்த விளக்கு என்று பார்த்து, தங்களுக்கு ஒரு வரி எழுத வேண்டும் என்றும், அந்த வரிகளைத் தாங்கள் மாவட்ட வாரியாக வெளியிட வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
இ-சேவை மையம் நடத்தும் ஒரு வாசகி,
கள்ளக்குறிச்சி மாவட்டம்.