அலமாரியை மூடிடாதீங்க

ஆசிரியருக்கு வணக்கம். நூலகத்துல கம்ப்யூட்டர்ல தேடி கேட்டு வாங்கினா போதும், அலமாரி பக்கம் வாசகர்கள் போக வேண்டாம்னு சொன்ன உங்க தலையங்கம் படிச்சேன், மனசு ஒப்பல. தேடணும்னா முதல்ல பேர் தெரியணுமே, பொதுவா படிக்கிறவங்களுக்கு கைல எடுத்து புரட்டினாத்தான் என்ன பிடிக்கும்னே தெரியும். இந்திய நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931-லயே ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு வாசகர்னு விதியாவே எழுதி, அதுக்கு திறந்த அலமாரி வேணும்னும் சொன்னாரு. நான் நாவல் தேடப் போயி, யாரோ இடம் மாத்தி வச்சிருந்த பறவைகள் புத்தகத்தை சும்மா புரட்டி நின்னுக்கிட்டே நாப்பது பக்கம் படிச்சுட்டேன், இன்னிக்கும் காலைல பறவை பாக்குறத விடல.

நூலகத்துல புத்தகங்களை பொருள்வாரியா பிரிச்சு அடுக்குற டியூயி முறையில 10 பெரிய பிரிவு இருக்கே, ஒவ்வொண்ணுலேர்ந்தும் ரெண்டு மூணு புத்தகம் எடுத்து வாசல் பக்கம் ஒரே மேசையில கலந்து வச்சு, வாரா வாரம் மாத்தலாம்.