எட்டுப் பரப்பு வளவிலிருந்து

அன்புள்ள மகளுக்கு,

ஃபோனில் என்றால் நீயும் நானும் ஒரே நேரத்தில் கதைத்து, கடைசியில் இரண்டு பேரும் அழுதுவிட்டு வைத்துவிடுவோம். அதனால் ஆறுதலாக எழுதுகிறேன். நீயும் கனடாவில் வேலை முடிந்து வந்து ஆறுதலாக வாசி.

"வயசு போன காலத்தில் கொழும்பு வெள்ளவத்தை வீட்டை விட்டுவிட்டு யாழ்ப்பாணத்துப் புத்தூரில் போய் மண் கொத்துவதற்கு என்ன தேவை? காசு போதாவிட்டால் நான் அனுப்புகிறேன்தானே" என்று கேட்டாய். நியாயமான கேள்வி. ஆனால் பிள்ளை, காசு போதாமல் நாங்கள் ஊருக்கு வரவில்லை. 2022இல் எங்களிடம் காசு இருந்தது. சமைப்பதற்குத்தான் வழி இருக்கவில்லை.

அந்த வருடம் பங்குனிக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் நின்றது உனக்குச் செய்தியில் தெரியும். அது ஏழாம் மாடியில் எப்படி இருக்கும் என்று நான் அப்போது உனக்குச் சொல்லவில்லை, பயப்படுவாய் என்று. லிஃப்ற் இல்லை. தண்ணீரை மேல் தொட்டிக்கு ஏற்றும் மோட்டார் இல்லை. ரைஸ் குக்கர் இருந்தும் இல்லை. காஸ் சிலிண்டர் வெறுமை. தொடர்மாடியில் விறகு மூட்ட விடுவார்களா? அப்பா விடிய நாலு மணிக்கு வெறும் சிலிண்டரை இறக்கிக்கொண்டு போய் வரிசையில் வைப்பார். சனங்கள் சிலிண்டரில் பெயர் எழுதி, ஒன்றோடொன்று சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டு வெயிலில் நின்றார்கள். மத்தியானம் "இன்றைக்கு லொறி வராது" என்பார்கள். சீனி வருத்தக்காரர், பிஸ்கட்டும் வாழைப்பழமும் சாப்பிட்டுவிட்டு மாத்திரை போட்டார். நீ அனுப்பிய டொலர் வங்கியில் கிடந்தது. புரட்டாதியில் கொழும்பில் சாப்பாட்டுச் சாமான் விலை முந்தைய வருடத்தைவிட 94.9 சதவீதம் கூடியிருந்ததாக அரசாங்கமே கணக்குச் சொன்னது. அதாவது நூறு ரூபா சாமான் ஏறத்தாழ நூற்றுத் தொண்ணூற்றைந்து.

அந்த இருட்டில் இருந்துதான் நான் 1990ஐ நினைத்தேன். உனக்கு அப்போது இரண்டு வயது. ஆனியில் சண்டை திரும்பத் தொடங்கியதும் யாழ்ப்பாணத்துக்குக் கரண்ட் போனது, வருடக்கணக்கில் வரவில்லை. சவர்க்காரம், மண்ணெண்ணெய், பற்றரி, தீப்பெட்டி எல்லாவற்றுக்கும் தடை. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சும் எண்ணெயும் விட்டு எரித்த விளக்கில்தான் நீ அ எழுதப் பழகினாய். உன் சட்டைகளைப் பனங்காயைப் பிசைந்து அந்தக் களியில் துவைப்பேன். வெள்ளை மஞ்சளாகிவிடும். கொடியில் காயப்போட்டால் அயல்வீட்டு மாடு வாசத்துக்கு வந்து சப்பும் என்று அம்மம்மா தடியோடு காவல் இருந்தா. தேத்தண்ணிக்குச் சீனி இல்லை, பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடித்தோம். ஆனால் இந்த வளவில் அடுப்பு ஒரு நாளும் அணையவில்லை. மரவள்ளி இருந்தது, முருங்கை இருந்தது, ஒடியல் மா இருந்தது, எரிக்கத் தென்னம்பாளை இருந்தது, தண்ணீர் அள்ளக் கிணறு இருந்தது. ஒரு நாட்டின் தலைநகரில், சண்டை முடிந்து பதின்மூன்று வருடம் கழித்து, என் அடுப்பு அணைந்தது. அதை என்னால் மறக்க முடியவில்லை.

அந்தக் காலம் பொற்காலம் என்று நான் சொல்லவே மாட்டேன். மருந்து இல்லாமல் செத்தவர்களை நான் கண்டிருக்கிறேன். 1995 ஐப்பசி 30ஆம் திகதி இரவு ஊரோடு இடம்பெயர்ந்து, உன்னைச் சைக்கிளில் இருத்தித் தள்ளிக்கொண்டு தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது இந்த வளவு எங்களுக்கு ஒரு உதவியும் செய்யவில்லை. எட்டுப் பரப்பு, அதாவது ஏறத்தாழ அரை ஏக்கர் நிலம் ஷெல்லைத் தடுக்காது, இன்சுலினும் காய்க்காது. அதெல்லாம் தெரிந்துதான் வந்திருக்கிறோம். அப்பாவின் மருந்துக்கு யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை பக்கத்தில் இருக்கிறது, மாதக் கிளினிக்குக்குத் தவறாமல் போகிறார். அதைப்பற்றி நீ யோசிக்காதே.

சரி, இங்கே என்ன செய்கிறோம் என்று கேட்டாயே.

முதலில் தண்ணீர். இங்கே ஆறு இல்லை, பெரிய குளமும் இல்லை. சுண்ணாம்புக் கல்லுக்குள் மழை இறங்கித் தங்குகிற தண்ணீர்தான் எங்களுக்கு எல்லாம். நிலாவரைக் கிணற்றைப் பார்க்கச் சின்ன வயதில் உன்னைக் கூட்டிக்கொண்டு போனேன், ஞாபகம் இருக்கா? மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்பு. ஊர் முழுக்கக் கிணறுகளின் நிலை அதுதான். மோட்டாரைப் போட்டு அளவில்லாமல் இறைத்தால் கீழே இருக்கிற உப்பு மேலே ஏறும். போதாக்குறைக்கு, எங்கள் புத்தூர் இருக்கிற வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்குச் சொல்லும் லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையைத் தாண்டி நிற்கிறது. காரணம் நாங்கள் கொட்டிய உரமும், கிணற்றுக்குக் கிட்டக் கட்டிய மலக்குழிகளும். அதனால் குடிக்கவும் சமைக்கவும் மழைத் தண்ணீர். நூறு சதுர மீற்றர் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை விழுந்தால் நூறு லீற்றர். இங்கே வருடத்துக்கு ஆயிரம் மில்லிமீற்றருக்கு மேல் பெய்கிறது, பெரும்பகுதி ஐப்பசியிலிருந்து மார்கழிக்குள். கூரை ஓரம் பீலி வைத்துச் சீமெந்துத் தொட்டிக்கு விட்டிருக்கிறோம். முதல் மழையைத் திருப்பி வெளியே விட்டுவிட வேண்டும், கூரைத் தூசும் காகத்தின் எச்சமும் கழுவுப்பட. கிணற்றுக்குப் பழைய மாதிரிக் கப்பி போட்டாயிற்று. கரண்ட் போனாலும் வாளி இறங்கும்.

அடுத்தது வேலி. வெளிநாட்டுக் காசு வந்த வீடுகளெல்லாம் சுற்றி மதில் கட்டிவிட்டன. நீயும் மதிலுக்குக் காசு அனுப்புவதாகச் சொன்னாய். வேண்டாம் பிள்ளை. மதில் ஒன்றும் தராது. பூவரசும் கிளுவையும் முருங்கையும் கலந்து, துளிர்க்கிற தடிகளை நட்டுக் கதியால் போட்டிருக்கிறோம். பூவரசங்குழையை வெட்டி வாழை அடியில் புதைத்தால் அதுதான் உரம். கிளுவைக் குழை ஆட்டுக்கு. வெட்டின தடி காய்ந்தால் விறகு. வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிற மனிசியோடு கதைக்கலாம், முட்டை கொடுத்துப் பால் வாங்கலாம். மதிலுக்கு மேலால் யார் கதைக்கிறார்கள்?

இப்போது பனம்பழக் காலம் முடிகிறது, பனங்கிழங்குக்குப் பாத்தி போடுகிறோம். நீ இதைப் பார்த்திருப்பாய், ஆனால் செய்திருக்க மாட்டாய். மண்ணைக் கொத்திப் பொலபொலவென்று ஆக்கி, முழங்கால் உயரத்துக்கு மேடாகக் குவிக்க வேண்டும். மேடு உயரமாக இருந்தால்தான் கிழங்கு நேராக, நீளமாக இறங்கும், பிடுங்கும்போது முறியாது. பழத்தைப் பிசைந்து களி எடுத்தபிறகு மிஞ்சும் கொட்டைகளை மேட்டின்மேல் ஒன்றோடொன்று தோள் முட்ட அடுக்கி, மேலே கொஞ்சம் மண் தூவி, ஓலை போட்டுவிட்டால் மிச்சத்தை மழை பார்த்துக்கொள்ளும். தையில் கிழங்கு. அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல், பச்சையாய்ப் பிளந்து காயவைத்தால் ஒடியல், அதை இடித்தால் கூழுக்கும் பிட்டுக்கும் மா. கொட்டைக்குள் இருக்கும் பூரானைப் பிள்ளைகள் தின்பார்கள். வெறும் கோது காய்ந்தால் ஊமல், அடுப்புக்கு அதைவிட நல்ல நெருப்பு இல்லை. களியைப் பாயில் ஊற்றிக் காயவைத்தது பனாட்டு. தண்ணீர் இறைக்காமல், உரம் போடாமல், விழுந்து கிடக்கிற பழத்திலிருந்து இவ்வளவும் வருகிறது. இதை எங்கள் சனம் ஏழையின் சாப்பாடு என்று ஒதுக்கியது எனக்கு இன்றைக்கும் வேதனை.

உன் அம்மப்பா இதே நிலத்தில் மிளகாயும் வெங்காயமும் போட்டார். 1970களில் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது கொழும்பில் பாணுக்கு வரிசை, இங்கே தோட்டக்காரரின் கை ஓங்கியது. இந்தக் கல்வீடு அந்த வெங்காயக் காசில் எழும்பியது. 1977இல் இறக்குமதிக்குக் கதவைத் திறந்துவிட்டதும் விலை விழுந்தது, அவர் கடைசிவரை அதிலிருந்து எழும்பவில்லை. ஒரு பயிரை விற்று, அந்தக் காசில் மற்றதெல்லாம் வாங்குகிற வாழ்க்கை அது. நானும் அப்பாவும் விற்பதற்காக ஒன்றும் போடவில்லை. கத்தரி, பயிற்றை, புடலை, மரவள்ளி, வாழை, வல்லாரை, பொன்னாங்காணி, இரண்டு ஆடு, கொஞ்சக் கோழி. வீட்டுக்குப் போக மிஞ்சினால் அயலுக்கு. அரிசி எங்களால் முடியாது, நிலமும் காணாது உடம்பும் காணாது. கைதடியில் வயல் செய்கிற சொந்தக்காரரிடம் மொட்டைக்கறுப்பன் மூட்டையாக வாங்குகிறோம். உப்பு, பருப்பு, தேயிலை, மா எல்லாம் கடைதான். எல்லாவற்றையும் நாங்களே செய்ய வேண்டும் என்ற வெறி எங்களுக்கு இல்லை. கடை ஒரு மாதம் பூட்டினாலும் பசியில்லாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான் நான் கேட்பது.

2021 மே மாதம் இரசாயன உரத்தை ஒரே அறிவிப்பில் நிறுத்தினார்களே, அதையும் இதையும் ஒன்றாகப் பார்க்காதே. மண்ணைப் பல வருடமாக யூரியாவுக்குப் பழக்கிவிட்டு, ஒரு போகத்தில் சாணிக்கு மாறு என்றால் எந்தத் தோட்டக்காரனால் முடியும்? கார்த்திகையில் அவர்களே தடையை எடுத்தார்கள், ஆனால் நட்டப்பட்டவன் பட்டதுதான். நாங்கள் உரம் போடாமல் செய்வது எங்கள் கிணற்றுக்காக, எங்கள் இஷ்டத்தில். விளைச்சல் குறைந்தால் எங்கள் கறி குறையும். கடன்காரன் வாசலுக்கு வரமாட்டான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த வளவு எனக்குச் சீதனமாக வந்தது. அம்மப்பா காலத்தில் இங்கே எல்லாம் விளைந்தது என்று பெருமையாகச் சொல்வோம். விளைவித்தது யார்? பனை ஏறினவர்களும், துலா மிதித்தவர்களும், கிணறு இறைத்தவர்களும். அவர்களைப் படலைக்குள் விட்டோம், கிணற்றுக்குக் கிட்ட விடவில்லை. சிரட்டையில் தண்ணீர் வார்த்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். அந்தத் தற்சார்பு எனக்கு வேண்டாம். இப்போது கிணற்றில் யாரும் வந்து அள்ளலாம் என்று சொல்லிவிட்டேன், கோடையில் பின் ஒழுங்கைக் குடும்பங்கள் வந்து அள்ளுகிறார்கள். ஓலை வெட்ட வருகிறவருக்கு அவர் கேட்கிற கூலி, எங்களோடு இருந்து சாப்பாடு. சில சொந்தக்காரருக்கு இது பிடிக்கவில்லை. பிடிக்காமல் இருக்கட்டும்.

இனி உன் விஷயம். இதுதான் உண்மையான காரணம், அதனால்தான் கடைசிக்கு வைத்தேன். கனடாவில் வட்டியை 2022இல் ஏற்றத் தொடங்கி அடுத்த வருடம் 5 சதவீதத்துக்குக் கொண்டுபோனார்களே, அப்போதிருந்து உன் குரல் மாறிவிட்டது. மோட்கேஜ் பற்றிக் கேட்டால் "பரவாயில்லை அம்மா" என்பாய். சனி ஞாயிறும் வேலைக்குப் போகிறாய் என்று மருமகன் வாய்தவறிச் சொல்லித்தான் தெரியும். பிள்ளைகள் உன் முகத்தைக் கிழமை நாளில் காண்பதில்லை, சனி ஞாயிறிலும் காண்பதில்லை. அந்தச் சனிக்கிழமைக் காசுதான் எங்களுக்கு வருகிறது. அதில் வாங்கிய சோற்றை வாயில் வைக்க எனக்கு முடியவில்லை. எங்கள் இரண்டு பேரின் சீவியச் செலவைக் குறைத்தால் உன் ஒரு நாள் உனக்குத் திரும்பி வரும் என்று கணக்குப் போட்டுத்தான் நான் அப்பாவிடம் "ஊருக்குப் போவோம்" என்றேன். அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

வளவு பராமரிக்க உன்னை ஒரு நாளும் கூப்பிட மாட்டேன். நீ இங்கே திரும்பி வர வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. எங்களுக்குப் பிறகு விற்பாயோ, யாருக்கும் செய்யக் கொடுப்பாயோ, உன் விருப்பம். மரங்களை மட்டும் தறிக்காமல் பார்த்துக்கொள்ளச் சொல்.

கார்த்திகையிலிருந்து நீ அனுப்பும் காசைப் பாதியாக்கு. அப்பாவின் மருந்துக்கும் கரண்ட் பில்லுக்கும் கடைச் சாமானுக்கும் ஓய்வூதியத்தோடு அது தாராளம். அடுத்த வருடக் கடைசியில் மிச்சத்தையும் பற்றிக் கதைப்போம். சனிக்கிழமை வேலையை விடப்போகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு எனக்கு ஒரு மெசேஜ் போடு.

தையில் வருவதாக இருந்தால் பிள்ளைகளுக்குத் தடித்த செருப்புக் கொண்டு வா, வேலியோரம் முள். எங்களுக்கு ஒன்றும் வேண்டாம். அப்பா கீரை விதை கேட்டார், அதையும் இங்கேயே வாங்கியாயிற்று.

அன்புடன்,
அம்மா