யானைக்கு வழி விடச் சொல்லுங்கள்

சென்னையிலிருந்து குழு சேர்த்துக் கென்யாவுக்கு அழைத்துப்போகும் நிறுவனத்தாருக்கு,

வணக்கம். அம்போசெலி தேசியப் பூங்காவில் அன்று மாலை நடந்ததை உங்கள் வழிகாட்டி சொல்லியிருப்பார். பிறகு குழு வாட்ஸ்அப்பில் நடந்த சண்டையையும் பார்த்திருப்பீர்கள். அதனால் முழுக்கதையும் வேண்டாம். கேட்பது ஒன்றுதான்: யானை நடக்கும் வழியில் வண்டியை நிறுத்தாதீர்கள்.

அங்கே யானைகள் போகும் வழி ரகசியமில்லை. கிளிமஞ்சாரோவின் நீர் நிலத்தடியில் ஓடிவந்து சதுப்பாகத் தேங்குகிறது. பகலில் அதில் இறங்கி மேயும் கூட்டங்கள் பொழுது சாயும்போது பூங்காவுக்கு வெளியே திரும்புகின்றன. அப்படித் திரும்பிய ஒரு கூட்டத்துக்கு நேர் எதிரேதான் நம் வண்டிகள் வரிசை கட்டின. வயர்லெஸ்ஸில் கேட்டு ஓடிவந்த மற்ற வண்டிகள் மிச்ச இடைவெளியையும் அடைத்தன. முன்னால் வந்த மூத்த பெண் யானை நின்றது. காதை விரித்துத் தலையை உதறியது. இடப்பக்கம் ஒதுங்கிப் பார்த்தது. வண்டிகளும் இடப்பக்கமே நகர்ந்தன. படம் நன்றாக விழவேண்டுமே! பின்னால் ஒரு குட்டி, தாயின் வயிற்றுக்கடியில் ஒடுங்கிக்கொண்டது. 22 மாதம் சுமந்து பெற்ற பிள்ளை. இருட்டும்வரை அவை அங்கேயே நின்றன.

எஞ்சினை அணைக்கச் சொல்லிக் கெஞ்சினோம். ஓட்டுநர் தயங்கினார். அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. யானை கிட்டத்தில் தெரிந்தால்தான் டிப்ஸ் என்று அவரைப் பழக்கியது யார்? ‘கைக்கெட்டும் தூரத்தில் காட்டு யானை’ என்று கொட்டை எழுத்தில் போட்டது உங்கள் விளம்பரம். கைக்கெட்டும் தூரத்தில் வேண்டுமென்றால் கோயில் வாசலில் பத்து ரூபாய்க்கே ஆசீர்வாதம் கிடைக்கிறதே, நைரோபிவரை எதற்கு விமானம்?

நம் காதுக்கு எட்டாத தாழ்ந்த ஒலியில் பேசிக்கொள்பவை யானைகள். சில கிலோமீட்டர் தள்ளியிருக்கும் உறவுக்கும் அது கேட்கும். சுற்றிலும் டீசல் எஞ்சின் உறுமினால் எதைப் பேசும், எதைக் கேட்கும்? 1972 முதல் யானை ஆய்வாளர் சிந்தியா மாஸும் அவர் குழுவினரும் இதே அம்போசெலியில் யானைகளைக் குடும்பம் குடும்பமாகப் பெயர் வைத்துக் கவனித்து வருகிறார்கள். உங்களால் அரைமணி நேரம் எஞ்சினை அணைத்துவிட்டு உட்கார முடியவில்லை.

நீலகிரியின் சீகூரில் யானை வழியை ரிசார்ட் கட்டி மறித்தார்கள். அந்த வழித்தடம் காக்கப்படத்தான் வேண்டும் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொல்லவேண்டி வந்தது. உங்கள் சுவருக்குச் சக்கரம் இருக்கிறது. நகர்த்த நீதிமன்றம் தேவையில்லை, ஓட்டுநருக்கு ஒரு வார்த்தை போதும்.

கோபத்தில் ஏதாவது கூடுதலாகச் சொல்லியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அடுத்த குழுவுக்கான பயண விவரத்தாளில் தயவுசெய்து இதைச் சேருங்கள்: யானை வந்தால் வண்டி தள்ளி நிற்கும், எஞ்சின் அணையும், வழி திறந்திருக்கும். விளம்பரத்திலிருந்து அந்தக் ‘கைக்கெட்டும் தூர’த்தையும் எடுத்துவிடுங்கள். ஓட்டுநர்களுக்கு டிப்ஸை நம்பியிராத கூலி கொடுங்கள்; அதற்காகக் கட்டணம் கொஞ்சம் ஏறினாலும் தர எங்கள் குழுவிலேயே சிலர் தயார். உங்கள் பதிலை எழுத்தில் எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
உங்களோடு முதல் சஃபாரி வந்த ஒரு பயணி