வீட்லருந்து சம்பாதிக்கிறவங்க எந்த ஆபீஸ் லைசென்ஸ் வாங்கணும்? கடைக்காரங்க பில்லுல எழுதிக் கொடுக்கணும்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

சுங்கை சிப்புட்லருந்து எழுதுறேன். எங்க பக்கம் தோட்டத்த விட்டு தாமானுக்கு குடி வந்த வீடுகள்ல இப்ப நெறைய பேரு கம்ப்யூட்டர வச்சுத்தான் பொழைக்கிறாங்க. செம்பனை ஏத்துற லோரிக்காரங்களுக்கு பில் அடிக்கிறது, சின்ன குத்தகைக்காரங்களோட ஆளுங்களுக்கு சம்பளச் சீட்டு போடுறது, டியூஷன் நோட்ஸ், கேட்டரிங் கோட்டேஷன், கோயில் திருவிழா நோட்டீஸ்னு ஏகப்பட்ட வேலை. நானும் வீட்லருந்து கணக்கு எழுதுறவதான். 2020 மார்ச் 18-ல எம்சிஓ (கொரோனா நடமாட்டக் கட்டுப்பாடு) போட்டப்ப வேற வழியில்லாம ஆரம்பிச்சது, பல பொம்பளைங்களுக்கு அதுவே தொழிலா நின்னுடுச்சு, அதுல எனக்கு ரொம்ப சந்தோசம். ஆனா இப்ப இவங்க எல்லாரும் ஒரே கேள்விய கேட்டுக்கிட்டு இருக்காங்க, கம்ப்யூட்டர்ல இருக்கிற பழைய மைக்ரோசாஃப்ட் ஆபீஸ, அதான் வேர்டு எக்செல் எல்லாம் உள்ள சாஃப்ட்வேர, மாத்தணுமா, மாத்துனா எதை வாங்குறது. கடையில ஒரு பதில் சொல்றாங்க, ஆன்லைன்ல விக்கிறவங்க வேற ஒரு பதில் சொல்றாங்க, நடுவுல காசு போறது நம்ம ஆளுங்களுக்குத்தான். அதான் இந்தக் கடிதம்.

மொதல்ல ஏன் இந்த அவசரம்னு சொல்லிடுறேன். மைக்ரோசாஃப்டோட ஆபீஸ் 2016, ஆபீஸ் 2019 ரெண்டுக்கும் சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சு போச்சு, விண்டோஸ் 10-க்கும் அதே தேதிதான். முடிஞ்சு போச்சுன்னா மறுநாள் காலையில வேர்டு திறக்காதுன்னு அர்த்தம் இல்ல, திறக்கும், எக்செல் ஓடும், பிரிண்ட் வரும், ஆனா ஆபீஸ்ல திருடன் நுழையுற மாதிரி புதுசா ஒரு ஓட்டை கண்டுபிடிச்சாங்கன்னா அத அடைச்சுக் கொடுப்பாங்கன்னு இனிமே நம்பி இருக்க முடியாது. வீட்ல சும்மா படம் பாக்கிற லேப்டாப்னா கூட பரவால்ல. நாம வச்சிருக்கிறது அடுத்தவங்க விவரம். சம்பள ஃபைல திறந்தா ஒவ்வொரு ஆளோட ஐசி நம்பர், பேங்க் கணக்கு, இபிஎஃப் (சேமநிதி) நம்பர், சொக்சோ (தொழிலாளர் காப்புறுதி) எல்லாம் வரிசையா இருக்கு, ஈமெயில்ல வந்த ஒரு கெட்ட ஃபைல தெரியாம திறந்து அது வெளிய போச்சுன்னா வெயில்ல நின்னு குலை வெட்டுற ஒரு ஆளோட பேரு போயி எங்கயோ லோன் ஃபார்ம்ல உக்காரும். அதனால மாத்தத்தான் வேணும்னு நான் சொல்வேன், பயந்துகிட்டு இல்ல, விசாரிச்சு மாத்தணும்.

விசாரிக்க வேண்டிய மொத கேள்வி விலை இல்லங்க. இதை வச்சு நான் சம்பாதிக்கலாமான்னு கேக்கணும். இத யாருமே கேக்கிறதில்ல, விக்கிறவங்களும் சொல்றதில்ல. ஹோம் அண்ட் ஸ்டூடண்ட்னு 2016, 2019, 2021-ல வித்தாங்களே, அது வீட்டுக்கும் படிப்புக்கும் மட்டும். மாசாமாசமோ வருசாவருசமோ கட்டுற மைக்ரோசாஃப்ட் 365 பெர்சனல், ஃபேமிலி ரெண்டும் அப்படித்தான். ஃபேமிலில 6 பேரு சேந்துக்கலாம், ஃபைல் வைக்க ஆன்லைன்ல ஆளுக்கு 1 டிபி இடம் கிடைக்கும், புள்ளைங்க படிக்கிற வீட்டுக்கு அருமையான திட்டம், ஆனா அதே கணக்குல அம்மா நாலு கம்பெனிக்கு பில் அடிச்சு காசு வாங்குனா அது அந்த ஒப்பந்தத்துக்குள்ள வராது. வீட்ல உக்காந்து செய்றதால அது ஹோம் ஆயிடாது, என்ன வேலை செய்றோம்ங்கிறதுதான் கணக்கு. புள்ளைங்களுக்கு ஸ்கூல்ல கொடுத்திருக்கிற டெலிமா கணக்கும் படிப்புக்குத்தான், அதுல டியூஷன் பிசினஸ் நடத்தக் கூடாது.

சரி, சம்பாதிக்கிறவங்களுக்கு என்ன இருக்கு. ஒரே ஒரு லேப்டாப், ஒரே ஆளு, வேலை பெருசா மாறப் போறதில்லன்னா ஹோம் அண்ட் பிசினஸ் 2024 ஒரு தடவ வாங்கிட்டா போதும்னு என் அபிப்பிராயம். பேர்லயே பிசினஸ் இருக்கு, மெயில் பாக்கிற அவுட்லுக்கும் சேந்து வருது, ஒரு கம்ப்யூட்டருக்கு ஒண்ணு, 2029 அக்டோபர் 9 வரைக்கும் அப்டேட் வரும், விண்டோஸ் 10-லயும் ஏறும் 11-லயும் ஏறும். ஆனா அடுத்த வெர்ஷன் வந்தா இது தானா மாறாது, அதுக்கு மறுபடி காசு. வெறும் ஹோம் 2024-ன்னு இன்னொண்ணு பக்கத்துலயே இருக்கும், விலை கம்மின்னு அதத் தூக்கிட்டு வந்துடாதீங்க, அது வீட்டுக்கு, அதுல அவுட்லுக்கும் கிடையாது.

இன்னொரு எச்சரிக்கை. ஆபீஸ் 2021-ஐ மலிவா தள்ளி விடுறாங்க. அதோட சப்போர்ட் 2026 அக்டோபர் 13-ஓட முடியுது. இந்தத் தேதிய எந்த விளம்பரத்துலயும் போட மாட்டாங்க, நீங்கதான் ஞாபகம் வச்சுக்கணும்.

ரெண்டு மூணு பேரா சேந்து வேலை செய்றவங்க, லேப்டாப்லயும் போன்லயும் மாத்தி மாத்தி பாக்கிறவங்க, இவங்களுக்கு 365 பிசினஸ் ஸ்டாண்டர்ட் நல்லா வரும், ஒரு ஆளுக்கு 5 கம்ப்யூட்டர் வரைக்கும் போட்டுக்கலாம். இதுலயும் பேரப் பாத்து வாங்கணும், பிசினஸ் பேசிக்னு ஒண்ணு விலை கம்மியா இருக்கும், அதுல வேர்டு எக்செல் எல்லாம் பிரௌசர்லயும் போன்லயும் மட்டும்தான், கம்ப்யூட்டர்ல ஏத்த முடியாது. எங்க ஊர்ல தோட்டத்துப் பக்கம் லைன் எப்ப இருக்கும் எப்ப போகும்னு தெரியாத எடத்துல உக்காந்து இருபதாந்தேதிக்குள்ள பில் அனுப்ப வேண்டியவங்களுக்கு அது ஒத்து வராது. சந்தா விலைக்கு மேல 8 விழுக்காடு சேவை வரி வேற இருக்கு, 2024 மார்ச் 1-க்கு முன்னாடி அது 6-ஆ இருந்துச்சு. கட்டுறத நிறுத்திட்டா ஃபைல திறந்து பாக்கலாம், பிரிண்ட் எடுக்கலாம், திருத்த முடியாது. இதையெல்லாம் கணக்குப் போட்டுட்டு முடிவு பண்ணுங்க. எஸ்எஸ்எம்ல (கம்பெனி, தொழில் பதிவு பண்ற அரசாங்க அமைப்பு) பதிவு பண்ணி தொழில் செய்றவங்க இந்த ரசீத பத்திரமா வச்சீங்கன்னா வருமான வரிக்கு தொழில் செலவா காட்டலாம், அதனால ரசீது இல்லாம வாங்காதீங்க.

இப்ப அந்த மலிவு கீ (ஆபீஸ ஓட வைக்க அடிக்கிற லைசென்ஸ் நம்பர்) விசயத்துக்கு வரேன், எனக்கு ரொம்ப வயித்தெரிச்சல் இதுலதான். எங்க தாமான்ல ஒரு தங்கச்சி, கைப்புள்ளையோட வீட்லருந்தே டைப்பிங் வேலை பாக்குது, ஆன்லைன்ல யாரோ லைஃப்டைம்னு போட்டு ரெண்டு நாசி லெமாக் விலைக்கு ஆபீஸ் கீ விக்கிறான், இதுவும் வாங்கிடுச்சு. கொஞ்ச மாசம் ஓடுச்சு, அப்பறம் ஒரு நாள் மேல சிவப்புக் கோடு வந்து லைசென்ஸ் செல்லாதுன்னுடுச்சு, அதுவும் சம்பளம் போடுற வாரத்துல. விக்கிறவனுக்கு மெசேஜ் போட்டா பதில் இல்ல. அந்தக் கீ என்னன்னா பெரிய கம்பெனிக்கோ பள்ளிக்கூடத்துக்கோ மொத்தமா கொடுத்த வால்யூம் லைசென்ஸ்ல உள்ளதா இருக்கும், நூறு பேருக்குன்னு கொடுத்தத எடுத்து ஊரு பூரா ஒவ்வொருத்தருக்கா விக்கிறாங்க, மைக்ரோசாஃப்ட் கண்டுபிடிச்சு அந்தக் கீய நிறுத்துனா எல்லாருக்கும் ஒரே நாள்ல போயிடும். அந்தத் தங்கச்சி ஏமாந்ததுக்கு அத குத்தம் சொல்றவங்கள நான் ஒத்துக்க மாட்டேன். விலையப் பாத்து வாங்காதவங்க யாரு, லைசென்ஸ்னா என்னன்னு சொல்லிக் கொடுத்தது யாரு.

லைசென்ஸ் இல்லாமலே ஆபீஸ ஓட வைக்க ஆக்டிவேட்டர்னு ஒரு சின்ன புரோகிராம் கொடுத்து, ஆன்டிவைரஸ அணைச்சுட்டு இத ஓட்டுங்கன்னு சொல்லுவாங்களே, அது இன்னும் மோசம். காவலாளிய வீட்டுக்கு அனுப்பிட்டு கதவத் திறந்து வைக்கிற மாதிரி. சட்டமும் இருக்கு, 1987 பதிப்புரிமைச் (காப்பிரைட்) சட்டம் 41-வது பிரிவு, சொந்த வீட்டு உபயோகத்துக்குன்னு இல்லாம திருட்டு காப்பி வச்சிருந்தா ஒவ்வொரு காப்பிக்கும் 2,000 ரிங்கிட்லருந்து 20,000 ரிங்கிட் வரைக்கும் அபராதம், இல்ல 5 வருசம் வரைக்கும் ஜெயில், இல்ல ரெண்டும். ஹோம் லைசென்ஸ்ல பில் அடிச்சவங்க வீட்டுக்கு நாளைக்கே அதிகாரி வருவாருன்னு நான் பயமுறுத்தல, அது கம்பெனியோட ஒப்பந்தத்த மீறுற விசயம், திருட்டு காப்பி வேற விசயம். ரெண்டையும் ஒண்ணாக் கலந்து பேசி சனங்கள கொழப்பக் கூடாது.

சம்பளத்துக்கு வேலை செய்து, பாதி நாள் வீட்லருந்து பாக்கிறவங்களுக்கு தனியா சொல்லணும். உங்க சொந்தக் காசுல ஆபீஸ் வாங்காதீங்க, மொதல்ல நீங்க வேலை பாக்கிற கம்பெனில கேளுங்க. அவங்க 365 பிசினஸ் ஸ்டாண்டர்ட் மாதிரி ஒண்ணு வச்சிருந்தாங்கன்னா, நான் மேல சொன்ன அந்த 5 கம்ப்யூட்டர் கணக்குல உங்க வீட்டு லேப்டாப்பும் வரும், ஒரு காசு கூட ஆகாது, முதலாளி அனுமதிச்சா மட்டும் போதும். இது தெரியாமலே எத்தன பேரு தனியா வாங்கி வச்சிருக்காங்க தெரியுமா. 2023 ஜனவரி 1-லருந்து வேலைச் சட்டத்துல 60P, 60Q பிரிவுங்க இருக்கு, வீட்லருந்து வேலை பாக்கிறதுக்கு எழுத்துல விண்ணப்பம் கொடுக்கலாம், முதலாளி 60 நாளைக்குள்ள எழுத்துல பதில் சொல்லணும், முடியாதுன்னா காரணம் சொல்லணும். அந்த விண்ணப்பம் எழுதும்போதே சாஃப்ட்வேர் யாரு கொடுப்பாங்கன்னு ஒரு வரி சேத்துடுங்க. தவுக்கே கோவிச்சுக்குவாரோன்னு கேக்காம விட்டுட்டு நீங்க கட்டிக்கிட்டு இருக்காதீங்க.

இப்பத்தான் தொழில் ஆரம்பிக்கிறேன், கையில காசு இல்லன்னு சொல்றவங்களுக்கு என் பதில் லிப்ரே ஆபீஸ். இலவசம், சம்பாதிக்கவும் பயன்படுத்தலாம், யாரும் கேள்வி கேக்க முடியாது. 2010-ல ஓப்பன் ஆபீஸ்லருந்து பிரிஞ்சு வந்தது, தி டாக்குமெண்ட் ஃபவுண்டேஷன்னு ஒரு அமைப்பு நடத்துது, லைன் இல்லாட்டியும் ஓடும், மெனுவக் கூட தமிழ்ல மாத்திக்கலாம். அவங்க சொந்தத் தளத்துலருந்து மட்டும் இறக்குங்க. வேர்டு எக்செல் ஃபைல் திறக்கும், அதே வடிவத்துல சேமிக்கலாம், சாதா பில்லுக்கும் கோட்டேஷனுக்கும் தாராளமா போதும். ஆனா எக்செல்ல மேக்ரோ (கணக்க தானா ஓட்டுற சின்ன புரோகிராம்) போட்டு சம்பளக் கணக்கு ஓட்டுறவங்க உடனே தாவிடாதீங்க, சில மேக்ரோ அதுல ஓடாது, ஒரு காப்பி எடுத்து அதுல ஒரு மாசக் கணக்கப் போட்டு பாத்துட்டு அப்பறம் மாறுங்க.

எதுக்கு மாறுனாலும் பழசக் கழட்டுறதுக்கு முன்னாடி எல்லா ஃபைலையும் வெளி ஹார்ட் டிஸ்க்ல எடுத்து வைங்க, அவுட்லுக்ல மெயில் வச்சிருந்தா அந்த மெயிலெல்லாம் இருக்கிற பிஎஸ்டி ஃபைலையும் சேத்து எடுங்க, பல பேரு அத விட்டுடுறாங்க. தனியா கடையில வாங்குன ஆபீஸ்னா வேற கம்ப்யூட்டருக்கு மாத்திக்கலாம், கம்ப்யூட்டரோடயே வந்ததுன்னா அந்த கம்ப்யூட்டரோட சரி. எந்த ஈமெயில்ல பதிவு பண்ணீங்கன்னு எழுதி வைங்க, கடைக்காரரோட ஈமெயில்ல பதிவு பண்ண விடவே விடாதீங்க, அப்பறம் லைசென்ஸ் அவரோடதுதான்.

தமிழ்ல வேலை செய்றவங்களுக்கு ஒரு விசயம் சொல்லாம இருக்க முடியல. கோயில் கமிட்டி, சங்கம், பள்ளி வாரியம் இவங்களோட பழைய கடிதம், சந்தா பட்டியல் எல்லாம் யூனிகோடுக்கு (எல்லா கம்ப்யூட்டர்லயும் ஒரே மாதிரி தெரியுற எழுத்து முறை) முன்னாடி இருந்த எழுத்துருவுல அடிச்சதா இருக்கும். புது கம்ப்யூட்டர்ல அந்த எழுத்துரு இல்லன்னா திறந்தா வெறும் கிறுக்கல்தான் தெரியும், ஃபைல் கெட்டுப் போச்சுன்னு நெனச்சு அழிச்சுடுறாங்க. அழிக்காதீங்க, பழைய எழுத்துருவையும் சேத்து எடுத்து வச்சு யூனிகோடுக்கு மாத்திக்கலாம். முத்து நெடுமாறன் 1985-லயே முரசுங்கிற தமிழ் சாஃப்ட்வேர ஆரம்பிச்ச நாடு இது, நம்ம சங்கத்து ஏடுங்க கம்ப்யூட்டர் மாத்துறதுல அழிஞ்சு போகக் கூடாது.

ஐயா, நான் கேக்கிறது ரெண்டு. எங்க ஊர்லயும் ஈப்போவுலயும் கம்ப்யூட்டர் கடை வச்சிருக்கிறவங்க பில்லுல வெறுமனே ஆபீஸ்னு எழுதாம லைசென்ஸோட முழுப் பேரு, எத்தன கம்ப்யூட்டருக்கு, தொழிலுக்குப் பயன்படுத்தலாமா கூடாதா, சப்போர்ட் எந்தத் தேதி வரைக்கும், இத எழுதிக் கொடுக்கணும், எழுத மாட்டேன்னு சொன்னா வாங்குறவங்க வேற கடைக்குப் போகணும். ரெண்டாவது, உங்க பத்திரிகையில ராசிபலனுக்கு எடம் இருக்கு, சமையலுக்கு எடம் இருக்கு, வீட்லருந்து தொழில் செய்ற பொம்பளைங்களுக்கு இந்த மாதிரி லைசென்ஸ், எஸ்எஸ்எம், வரி விசயங்கள தமிழ்ல விளக்குறதுக்கு வாரம் ஒரு அரைப் பக்கம் ஒதுக்குங்க. கேள்வி அனுப்ப எங்க தாமான்லயே ஆளு இருக்கு.

இப்படிக்கு,
வீட்லருந்து கணக்கு எழுதும் வாசகி,
சுங்கை சிப்புட், பேராக்